செருப்பைக் கழட்டச் சொன்ன மைனா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முழங்கால் வலிக்குப் பயிற்சி என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் அலைச்சல், அதில் பதில் தள்ளிப்போய்விட்டது, தப்பாக நினைக்காதே. பெர்த்தில் உன் வீட்டுப் பின்பக்கம் ரோஸ் நிறக் கிளிகள் விடியுமுன்னே கூட்டமாக வந்து கத்தி உன்னைத் தூங்கவிடுவதில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்ததும் எனக்கு நம் மைனா ஞாபகம் வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்காரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அது நடந்தபோது நீ போலீஸில் வேறு டிவிஷனுக்கு மாறிப் போயிருந்தாய், உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுசாகச் சொல்கிறேன், கேள்.

1986. நம் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழேயே காவல் நிலையம் வைக்கிற போலீஸ் போஸ்ட் முறை வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. 1983 ஜூனில் தோ பாயோவில் முதல் போஸ்ட்டைத் திறந்தபோது, ஜப்பான்காரர்களின் கோபான் என்ற சின்னக் காவல் சாவடி மாதிரி புளோக்குக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு என்னத்தைச் செய்வது என்று நாமெல்லாம் முனகினோமே! வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பேச வேண்டும் என்றதும் இன்னும் முனகினோம். எனக்கு அந்த வேலைதான் பிறகு ரொம்பப் பிடித்துப்போனது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்தாவது மாடி மக்சிக், அதான் மலாய் அம்மா ஒருவர் கூண்டோடு வந்து நின்றார். சமையலறை ஜன்னல் வழியாக ஒரு மைனா உள்ளே வந்துவிட்டதாம், துண்டைப் போட்டுப் பிடித்து, வீட்டுக்காரர் மெர்போக் புறா வளர்த்த பழைய கூண்டில் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கீழே மேய்கிற சாதாரண மைனா இல்லை, மலை மைனா. எண்ணெய் தேய்த்த மாதிரி கறுகறுவென்ற உடம்பு, ஆரஞ்சு மூக்கு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல் மடிப்பு. கூண்டுக் கதவின் கொக்கி உடைந்திருந்ததால் சிவப்பு ராஃபியா கயிற்றால் கட்டியிருந்தார். எங்கள் மலாய் சார்ஜெண்ட் வழக்கம்போல, கண்டெடுத்த பொருள் என்று டைரியில் எழுத ஆரம்பித்தார். நிறம் எழுதினார், மூக்கு எழுதினார். அதற்குள் மைனா தலையைச் சாய்த்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்ல கணீரென்ற குரலில், "செருப்பக் கழட்டுடா!" என்றது.

அந்த ஷிஃப்டில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சிரிப்பை அடக்க முடியாமல் திணறினேன். சார்ஜெண்ட் என்ன சொல்கிறது என்று கேட்டார், அதையே மலாயில் "புக்கா காசுட்" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார், அப்புறம் அடையாளம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் அழகாக எழுதினார்: தமிழ் பேசும்.

அன்று ராத்திரி அது எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே! தொலைபேசி மணி மாதிரியே அடிக்கும். ஆளில்லாத ராத்திரி இரண்டு மணிக்கு ட்ரிங் ட்ரிங் என்று கேட்டால் ஓடத்தானே வேண்டும்? சீனக் கார்ப்பரல் ஒருவர் மூன்று முறை ஓடிப்போய் எடுத்து ஹலோ ஹலோ என்றார், டயல் டோன்தான் வந்தது. நாலாவது முறை மணி அடித்தபோது கூண்டைப் பார்த்து, "சும்மா இரு" என்று மிரட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அது நிஜமான அழைப்பு. மேலிடத்திலிருந்து ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்கள். அவர் மைனா என்று ஆரம்பித்து, சரி வேண்டாம் என்று பாதியில் நிறுத்திக்கொண்டார், பாவம்.

மறுநாள் சனிக்கிழமை. கூண்டை வைக்க வேறு இடமில்லாமல் கவுண்ட்டர் மேலேயே ஓரமாக வைத்திருந்தோம், கண்ணாடிக் கதவு திறந்தால் அதுதான் முதலில் ஆளைப் பார்க்கும். யார் வந்தாலும் ஒரே கட்டளை. சீனர்களும் மலாய்க்காரர்களும் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே வந்தார்கள். தமிழர்கள்தான்! ஐசி, அதான் அடையாள அட்டை, தொலைந்துவிட்டது என்று வந்த ஒரு பெரியவர் அப்படியே பின்வாங்கி, வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வந்து கைகட்டி நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வாசலில் செருப்பு இருப்பதைப் பார்த்து, மொழி தெரியாவிட்டாலும், இங்கே இதுதான் வழக்கம் போல என்று தாங்களும் கழற்ற ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் கோயில் வாசல் மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு அந்தக் குரல் முதலிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. எங்கேயோ கேட்ட அதட்டல். ஞாயிறு காலையில் கோப்பிக்கடையில் பராட்டாவைப் பிய்க்கும்போதுதான் பளிச்சென்று வந்தது. பக்கத்து புளோக்கில் ஏழாவது மாடி, வாசலில் கோலம், வீட்டுக்கு வெளியே அளவு வாரியாக அடுக்கிய செருப்புகள். நான் விசாரிப்புக்குப் போனபோது யூனிஃபார்ம் என்றும் பார்க்காமல், "ஷூவோட உள்ள வராதீங்க தம்பி" என்று வாசலிலேயே நிறுத்தி, மோர் கொடுத்து, கேட்ட விவரமெல்லாம் அங்கேயே சொல்லி அனுப்பிய அம்மா! உடனே போய்ப் பார்த்தேன், வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அவர் வெள்ளிக்கிழமையே ஜூரோங்கில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார். கதவிடுக்கில் ஒரு சீட்டுச் செருகிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். அதே நேரத்தில்தானா இன்ஸ்பெக்டரும் சோதனைக்கு வர வேண்டும்! மலையாளி, ஆனால் தமிழ் நன்றாகப் புரியும், உடுப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் விடமாட்டார். வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்பைப் பார்த்துவிட்டு, இது போலீஸ் போஸ்ட்டா வேறெதாவதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். அவர் பின்னாலேயே அந்த அம்மா, அம்மா பின்னால் மழையில் நனைந்த செருப்போடு பேரன். சொத சொதவென்று அவன் காலெடுத்து வைத்ததும் அம்மா திரும்பி, "செருப்பக் கழட்டுடா!" என்றார். அதே நொடியில் கூண்டுக்குள்ளிருந்தும், "செருப்பக் கழட்டுடா!" ஒரே குரல், ஒரே அதட்டல், இரண்டு பக்கத்திலிருந்தும். நடுவில் மாட்டிக்கொண்ட இன்ஸ்பெக்டர் தன்னை அறியாமல் குனிந்து ஷூ கயிற்றில் கை வைத்துவிட்டார்.

யாரும் மூச்சு விடவில்லை. அவர் மெதுவாக நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார் பார், அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உரிமையாளர் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை, கொடுத்து அனுப்புங்கள் என்றார். அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், போன வாரம் பேரனோடு ஒரு போலீஸ் போஸ்ட்டுக்குப் போயிருந்தேன். அவன் தேசிய சேவையில் போலீஸில்தான் இருக்கிறான், உனக்கு எழுதினேனா? இப்போதெல்லாம் அங்கே கவுண்ட்டரில் ஆள் கிடையாது. 2017 முதல் படிப்படியாக இயந்திரமாக்கிவிட்டார்கள், திரையைத் தொட்டு நாமே புகார் பதியலாம், கண்டெடுத்த பொருளைப் போட ஒரு பெட்டிகூட இருக்கிறது. ராத்திரி எந்நேரமும் திறந்திருக்கிறது, வேண்டுமானால் திரையிலேயே அதிகாரியோடு பேசலாம், நல்ல வசதிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் கதவைத் தட்டி, மோர் குடித்து, எந்த வீட்டு வாசலில் எத்தனை செருப்பு என்று தெரிந்துவைத்திருந்தோமே, அந்த மைனாவின் வீட்டை நான் கண்டுபிடித்தது அதனால்தான். அந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பெரிதாகப் படுகிறது. பேரனிடமும் சொன்னேன், நேரம் கிடைத்தால் புளோக்குக்குள் ஏறி இறங்கு, சனங்களோடு பேசு என்று.

அப்புறம் ஒரு செய்தி. நாம் பயிற்சி எடுத்த தாம்சன் ரோடு அகாடமி பக்கம் வீவக, அதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் வரப்போகின்றன, பழைய கட்டடங்களில் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நீ வரும்போது இரண்டு பேரும் ஒருமுறை அங்கே நடந்துவிட்டு வர வேண்டும், என் முழங்கால் என்ன சொன்னாலும் சரி.

அந்த அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் போஸ்ட்டுக்கு ஒரு மைலோ டின் நிறைய முறுக்கு அனுப்புவார். காலி டின்னைத் திருப்பிக் கொடுக்க நான்தான் போவேன். மணி அடித்ததும் உள்ளேயிருந்து முதலில் வருவது மைனாவின் குரல்தான். நானும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

தைப்பூசத்துக்கு வருகிறாய் என்றால் டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, வீட்டில் அறை காலியாகத்தான் இருக்கிறது. அந்தக் கிளிகளின் படம் ஒன்று அனுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி