பன்னிரண்டு இழுப்பறைகளும் திறக்கின்றன, எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

இன்று காலை அம்மா யாரையும் கூப்பிடாமல் ஊசியையும் கறுப்பு நூலையும் தானே எடுத்து, என் சட்டையில் விழுந்துபோன பட்டனைத் தைத்துக் கொடுத்தார். அந்தச் செய்தியைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேனோ என்று பயம். அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. அம்மாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது. ஓரப்பார்வை நன்றாக இருப்பதால் வீட்டுக்குள் எங்கும் இடிக்காமல் நடக்கிறார், ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது புகை மூடினாற்போல் மறைந்துவிடுகிறது. நாற்பது வருஷம் தைத்த கை அது. தையல் சாமான் எல்லாம் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தது, மாத்திரை அட்டைகளும் அதே மேஜையில்தான். "கைக்குத் தெரியுதுப்பா, எங்கே கிடக்குன்னுதான் தெரியலை" என்று அவர் ஒருநாள் சொன்னபோது, தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு சின்ன இழுப்பறைப் பெட்டி செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் சேர்ந்து கிடந்த அட்டைப்பெட்டிகளையும் டப்பாக்களையும் வைத்தே செய்யலாம் என்று ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஆயிற்று. நான் ஒருவனாகச் செய்திருந்தால் இன்னும் முடிந்திருக்காது.

முதல் நன்றி மாடிவீட்டு அண்ணனுக்கு. நான் முதலில் செய்த கூடு நாலே நாளில் நடுவில் மடங்கி உட்கார்ந்துவிட்டது. அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் நீங்கள், அன்றைக்கு ஷிப்ட் முடிந்து களைப்போடு வந்திருந்தீர்கள், ஆனாலும் தரையில் உட்கார்ந்து உடைந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினீர்கள். இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடுகிறதே, அதைத்தான் நான் அதுவரை கவனிக்கவே இல்லை. "அலை நிக்கணும், படுக்கக் கூடாது" என்றீர்கள். உள்ளங்கை அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை அலை மேலிருந்து கீழாக ஓடும்படி வளைத்து நிறுத்தி அதன்மேல் ஐந்து புத்தகம் வைத்தீர்கள், அசையவில்லை. இன்னொன்றை அலை குறுக்கே ஓடும்படி நிறுத்தி வைத்ததும் இரண்டாவது புத்தகத்திலேயே நொடித்துப் போனது. நின்றிருக்கும் ஒவ்வொரு அலையும் ஒரு குட்டித் தூண் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த ஆர்வத்தில் அன்று இரவே இந்த நெளி அட்டையின் கதையைத் தேடிப் படித்தேன். 1856இல் இங்கிலாந்தில் முதலில் இதற்குக் காப்புரிமை வாங்கியது பெட்டி செய்ய இல்லை, உயரமான தொப்பிகளின் உள்பக்கம் வைக்க. 1871இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் கண்ணாடி பாட்டிலும் விளக்குச் சிமினியும் உடையாமல் சுற்றி அனுப்ப அதைப் பயன்படுத்தினார். மூன்று வருஷம் கழித்து ஆலிவர் லாங் அலையின் இரண்டு பக்கமும் தாள் ஒட்டினார், இன்றைக்கும் நம் வீட்டு வாசலுக்கு வரும் பெட்டி அதேதான். தொப்பிக்குள் இருந்த சமாச்சாரம் அம்மாவின் மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அப்புறம், வெளிக்கூட்டுக்கு ஐந்து தாள் அடுக்கிய ஃபைவ் பிளை அட்டை, உள்ளே இழுப்பறைகளுக்கு மூன்று தாள் அடுக்கிய திரீ பிளை போதும் என்று பிரித்துச் சொன்னதும் நீங்கள்தான் அண்ணா. அது தெரியாமல் எல்லாவற்றையும் தடி அட்டையில் செய்திருந்தால் உள்ளே பொருள் வைக்கவே இடம் இருந்திருக்காது.

அடுத்து பைண்டிங் ஐயா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கூடு நின்றது சரி, அதன்மேல் அழகாகக் காகிதம் ஒட்டினேன், மறுநாள் காலையில் பார்த்தால் பக்கச் சுவர்கள் எல்லாம் வில்லாக வளைந்து கிடந்தன. பசை மட்டம் என்று நினைத்து வேறு பசை வாங்கி ஒட்டினேன், அதுவும் வளைந்தது. நீங்கள் ஒரு பலகையை எடுத்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா அட்டை கோவிச்சுக்கும் தம்பி." ஈரத்தில் காகிதம் விரிகிறது, காயும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் மறுபக்கமும் அதே மாதிரிக் காகிதம் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகி அட்டை நேராக நிற்கும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் இதைச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே.

நீங்கள் ஒட்டிக் காட்டிய அந்தப் பத்து நிமிஷம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிரஷ்ஷை நடுவில் வைத்து வெளிப்பக்கமாக நாலு திசையும் இழுத்துப் பசை தடவினீர்கள். நான் அவசரப்பட்டுக் காகிதத்தைத் தூக்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்து, "இரு, ஒரு நிமிஷம் மூச்சு விடட்டும்" என்றீர்கள். காகிதம் முதலில் சுருண்டது, அப்புறம் மெல்லப் படிந்தது. படிந்த பிறகுதான் எடுத்து ஒட்டி, பழைய துணியை உருட்டி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒத்தி எடுத்தீர்கள். ஒரு குமிழிகூட இல்லை. ராத்திரி முழுக்கப் பாரம் ஏற்றி வைக்கச் சொன்னீர்கள், வீட்டில் இருந்த அகராதி எல்லாம் ஒரு வாரம் அந்த வேலையில்தான் இருந்தன. மாவுப்பசைக்குப் பூச்சி வரும், மாத்திரை வைக்கும் பெட்டிக்கு அது வேண்டாம், வெள்ளைப் பசையே போடு என்றதும் மறக்கவில்லை. மடிப்பு விழும் இடத்தில் மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடித்தால் அட்டை பிய்யாமல் நேராக மடியும் என்பதும் உங்களிடம் கற்றதுதான்.

இன்னொன்று. என் முதல் இழுப்பறை உள்ளே போனது, வெளியே வரவில்லை. அளவெல்லாம் சரியாகத்தான் எடுத்திருந்தேன். "காகிதத்துக்கும் உடம்பு இருக்கு, அதைக் கணக்குல சேர்த்தியா?" என்று கேட்டீர்கள். கூட்டின் சுவரிலும் இழுப்பறையின் பக்கத்திலும் ஒட்டும் ஒவ்வொரு தாளும் கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைச் சாப்பிட்டுவிடுகிறது. பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் விட்டுச் செய்த பிறகு பன்னிரண்டும் வழுக்கிக்கொண்டு வந்தன. வயதானவர் இழுத்துப் போராடக் கூடாது என்பதுதானே முக்கியம்.

குப்பையைத் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கும் என் தோழிக்குக் கொஞ்சம் நீளமாகவே நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்ய நினைத்த பாதியை அவள்தான் தடுத்தாள். கண்ணாடி ஜாடி பதினைந்து சேர்த்து வைத்திருந்தேன், எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்து வரிசையாக அடுக்கலாம் என்று ஆசை. அவள் கேட்டாள்: இத்தனையும் அம்மாவுக்கு வேண்டுமா? கண்ணாடியையும் உலோகத்தையும் திரும்பத் திரும்ப உருக்கலாம், தரம் குறைவதில்லை. காகித நார் அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குட்டையாகித் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே காகிதத்தையும் அட்டையையும் வைத்துச் செய், கண்ணாடியில் உனக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழுவிக் கொடுத்துவிடு என்றாள். பெயின்ட்டும் பசையும் ஏறிய அட்டை மறுபடி கூழாவது சிரமம் என்பதால், செய்கிறதை வருஷக்கணக்கில் உழைக்கிற மாதிரிச் செய் என்றும் சொன்னாள். அலங்காரத்துக்காக நான் போட்டு வைத்திருந்த திட்டத்தில் பாதி அன்றோடு போயிற்று, அது போனதுதான் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். பூச்சிமருந்து, ஆசிட் இருந்த டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் வீட்டுக்குள் எடுக்காதே என்றாள். கடை பில் வரும் அந்த வழவழப்பான தாளையும் ஒட்டாதே, அதில் ரசாயனப் பூச்சு இருக்கிறது என்றாள். இரண்டையும் அப்படியே கேட்டேன்.

பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்குமே என்று நான் தயங்கியபோது அவளே ஒரு வழியும் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, வெட்டிய விளிம்பை அதன்மேல் ஒரு நொடி ஒத்தி எடுக்க வேண்டும். விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டு, விரலை ஓட்டினால் உருண்டையாக இருக்கும். அந்த பிளாஸ்டிக் 70, 80 டிகிரிக்குள்ளேயே இளக ஆரம்பித்துவிடுவதால் ஒரு நொடிக்கு மேல் வைத்தால் கோணிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தேன். ஊசிகளும் குண்டூசிகளும் இப்போது அப்படி வெட்டிய இரண்டு பாட்டில் அடிப்பாகங்களில் இருக்கின்றன.

அத்தைக்கு. போனில் நீங்கள் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை குச்சி நிறுத்தினே?" செய்தித்தாளைக் கம்பியில் சாய்வாகச் சுருட்டிக் குழலாக்கி, நூல்கண்டு போட ஒரு கூடை பின்னிக்கொண்டிருந்தேன், பின்னல் பிடிக்கவே இல்லை. பதினாறு என்றேன். "ஒண்ணு சேரு, ஒற்றைப்படையா இருக்கணும்" என்றீர்கள். பதினாறு என்றால் இரண்டாவது சுற்றிலும் அதே குச்சிக்கு மேலேயும் அதே குச்சிக்குக் கீழேயும் போய்க்கொண்டிருக்கும், பதினேழு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் மாறி விழும். பதினேழாவது குழலைச் செருகியதும் கூடை கையில் இறுகியது.

பெட்டியும் டப்பாவும் தந்தவர்கள் நிறையப் பேர். செருப்புப் பெட்டி தந்த கீழ்வீட்டுக்காரர்கள், பால் அட்டைகளைப் பிரித்துக் கழுவிக் காயவைத்தே கொண்டுவந்த அக்கா (உள்ளே ஈரம் ஏறாது என்பதால் தடுப்புகள் எல்லாம் அதில்தான்), தகர டப்பாவின் விளிம்பைத் தேய்த்துக் கூர் மழுக்கித் தந்த தம்பி, பழைய ஜீன்ஸ் தந்த எல்லோரும். பெட்டியின் மேல்மூடிக்கு அந்த ஜீன்ஸ் துணியைத்தான் போர்த்தியிருக்கிறேன்.

கடைசியாக அண்ணன் மகள். கண்ணு, இந்தப் பெட்டியின் உயிரே உன் யோசனைதான். நான் ஒவ்வொரு இழுப்பறையிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டப் போனேன். "பாட்டிக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாதே, கைப்பிடியை மாத்தி மாத்தி வைங்க" என்று நீ சொன்னாய். ஊசிக்குக் கோட்டு பட்டன், நூலுக்குக் காலி நூலுருளை, கத்தரிக்கோலுக்குப் பழைய சாவி, பட்டன்களுக்குத் தக்கை. மாத்திரைக்கு மேல்வரிசை மட்டும்தான், அதில் தையல் சாமான் எதுவும் கலக்கக் கூடாது என்றும், காலை மாத்திரைக்கு ஒரு மூடி, ராத்திரி மாத்திரைக்கு இரண்டு மூடி என்றும் நீயே முடிவு செய்தாய். உள்பக்கம் வெள்ளையும் விளிம்பில் கறுப்பும் அடித்ததும் உன் கைதான். ஓரப்பார்வைக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது என்கிறார் பாட்டி.

இன்று காலை நான் கதவோரம் நின்று பார்த்தேன். அம்மாவின் விரல்கள் முதல் வரிசையைத் தாண்டி, சாவியைத் தொட்டு விட்டுவிட்டு, பட்டனில் வந்து நின்றன. இழுத்தார். தலையில் பிளவு உள்ள ஊசி என்பதால் நூலை மேலே வைத்து அழுத்தியதும் உள்ளே இறங்கிவிட்டது. தைத்து முடித்து, ஊசியைத் திரும்ப அதே இடத்தில் போட்டு, இழுப்பறையை உள்ளங்கையால் தள்ளி மூடினார்.

மாடிவீட்டு அண்ணா, உங்கள் இரும்பு ஸ்கேலும் கட்டரும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். ஐயா, உங்கள் பிரஷ்ஷை மட்டும் இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளட்டுமா? கண்ணாடிக் கூடு வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறார்.