நீலப் பட்டை செருப்பைக் குடுத்துட்டுப் போன அக்காவுக்கு

தண்ணி வடிஞ்ச நாள்ல இருந்து இதை எழுதணும் எழுதணும்னு நினைச்சு, கரண்ட் வரட்டும், அம்மாவுக்கு காய்ச்சல் விடட்டும்னு தள்ளிட்டே வந்தேன். இனிமே தள்ள முடியல. ஞாயித்துக்கிழமையில இருந்து எங்க வீட்டு டிவியில தூத்துக்குடி வெள்ளம் மட்டும்தான் ஓடுது.

2023 டிசம்பர் 3, 4ல மிக்ஜாம் புயல் மழையில சென்னையில, எங்க வேளச்சேரியில என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லணும்னு இல்ல, இதைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் அதே தண்ணியில நின்னவங்கதான். படகு கொண்டுவந்த மீனவத் தம்பிங்க, நாலு நாளும் எங்க அஞ்சு பேருக்கும் சேர்த்தே உலை வச்ச மாடி வீட்டுக்காரங்க, இடுப்பளவு தண்ணியில பால் பாக்கெட்டைத் தலையில வச்சு கொண்டுவந்த பையன், ராத்திரி பூரா மோட்டார் போட்டு தண்ணி இறைச்சவங்க, ஈபி லைன்மேன் அண்ணனுங்க, எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடுறேன். உங்களை ஒருநாளும் மறக்க மாட்டோம்.

ஆனா இந்த மடல் அதுக்கு அப்புறம் வந்தவங்களுக்கு. தண்ணி போனதும் எல்லாம் முடிஞ்சதுன்னுதான் நாங்க நினைச்சோம். வெளிய வந்து பாத்தா தெருவே இல்ல. வீட்டுக்கு வீடு வாசல்ல மெத்தை, சோபா, உப்பிப்போன பீரோ கதவு, ஊறி நாத்தமெடுத்த அரிசி மூட்டை, புள்ளைங்க புஸ்தகம், அதுக்கு மேல முழங்கால் உயரம் கறுப்பு சேறு, சாக்கடையும் மழைத்தண்ணியும் கலந்த சேறு. அந்த நாத்தத்தை எழுத எனக்கு வார்த்தை கிடையாது. நாங்க நம்ம வீட்டு சாமானை வெளிய தூக்கிப் போட்டுட்டோம், அவ்வளவுதான் எங்களால முடிஞ்சது, அதுக்கு அப்புறம் அதை யாரு எடுக்கிறதுன்னு யோசிக்கக்கூட தெம்பு இல்ல.

எங்க தெருவுக்கு தினமும் வர்ற அக்கா அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கே வந்து நின்னாங்க. அவங்க வீடு பெரும்பாக்கத்துல. அங்கயும் தண்ணி. "உங்க வீடு என்னக்கா ஆச்சு"ன்னு கேட்டேன், "அது கிடக்கட்டும்மா, இதைப் பாப்போம்"னு சொல்லிட்டு தொடப்பத்தை எடுத்துட்டாங்க. ஆனா 200 வார்டு இருக்கிற ஊர்ல, எல்லாப் பக்கமும் இதே நிலைமைன்னா, தினமும் வர்ற ஆளுங்க மட்டும் எப்படி சமாளிப்பாங்க. அப்பதான் வெளியூர் நகராட்சி, மாநகராட்சியில இருந்தெல்லாம் தூய்மைப் பணியாளர்கள் வந்து இறங்கினாங்க. 2015 வெள்ளத்துலயும் இப்படித்தான் வந்தாங்க, அப்ப நாங்க வேற ஏரியாவுல இருந்தோம், நியூஸ்ல பாத்ததோட சரி. இந்தத் தடவை எங்க வாசல்ல பாத்தேன்.

மொதல்ல ஜேசிபி வந்து பெரிய சாமானை அள்ளி லாரியில போட்டுச்சு. மிச்சம் எல்லாம் மனுஷக் கைதான். மம்பட்டியால சேத்தை வழிச்சு, சட்டியில அள்ளி, வண்டியில கொட்டி, மழைநீர் வடிகால்ல அடைச்சிருந்த மண்ணையும் கவரையும் தோண்டி எடுத்து, கடைசியா சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து ஓரமா தூவிட்டுப் போவாங்க. கேக்குறதுக்கு ரெண்டு வரிதான். எங்க ஒரு தெருவுக்கே ரெண்டு முழு நாள் ஆச்சு.

அதுல ஒரு அக்கா, அம்பது வயசு இருக்கும், ஒல்லியா, தலையில துண்டு கட்டியிருந்தாங்க. என்கிட்ட வந்து "வாருகால் மூடி எங்கம்மா இருக்கு"ன்னு கேட்டாங்க. எனக்குப் புரியல. அப்புறம்தான் வடிகாலைச் சொல்றாங்கன்னு தெரிஞ்சுது. எந்த ஊருக்கான்னு கேட்டேன், தூத்துக்குடி பக்கம்னாங்க. மொத நாள் ராத்திரி பூரா வண்டியில வந்து, நேரா வேலைக்கு இறங்கியிருக்காங்க.

அந்த நேரம் பாத்து எங்க அம்மா வெறுங்காலோட வாசப்படியில இருந்து இறங்கப் பாத்தாங்க. அம்மாவுக்கு இருபது வருஷமா சுகர். வீட்டுக்குள்ளகூட செருப்பு இல்லாம நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, போன வருஷம் ஒரு சின்ன காயம் ஆறுறதுக்கே மூணு மாசம் ஆச்சு. வீட்ல இருந்த செருப்பு எல்லாமே தண்ணியோட போயிடுச்சு, கடையும் எதுவும் திறக்கல, நான் அதை கவனிக்கவே இல்ல. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. பெத்த பொண்ணு நான் கவனிக்கல, அந்த அக்கா கவனிச்சாங்க.

"எம்மா எம்மா, இறங்காதிய. கண்ணாடி கிடக்கும்லா, கால்ல ஏறிரும்"னு ஓடிவந்து அம்மா கையைப் பிடிச்சு படியிலயே உக்கார வச்சாங்க. சுகர்னு சொன்னதும் ஒண்ணும் பேசாம தெருமுனைக்குப் போனாங்க, அங்கதான் அவங்க வந்த வேன் நின்னுச்சு, திரும்பி வரும்போது கையில ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, வெள்ளை அடி, நீலப் பட்டை, குதிகால் பக்கம் நல்லா தேஞ்சது. அவங்க போட்டுட்டு வந்த செருப்பு. வேலைக்கு கம்பூட்ஸ் குடுத்ததால அதைக் கழட்டி பையில வச்சிருந்திருக்காங்க. தெருக்குழாயில நல்லா கழுவி, தன் துண்டாலயே துடைச்சு, அம்மா கால்ல அவங்களே மாட்டிவிட்டாங்க. "எனக்குத்தான் பூட்ஸ் இருக்கே, நீங்க போட்டுக்கிடுங்க"ன்னாங்க. அளவுகூட சரியா இருந்துச்சு.

நான் பணம் எடுக்கப் போனேன். வேணாம்னு சொல்லிட்டாங்க. டீ போட்டுக் குடுக்கக்கூட அன்னைக்கு வீட்ல அடுப்பு இல்ல.

மறுநாள் புதுசா ஒரு ஜோடி வாங்கிக் குடுத்துடணும்னு தேடினா, அவங்க டீமை வேற ஏரியாவுக்கு மாத்திட்டாங்களாம். மேஸ்திரிகிட்ட கேட்டேன், அவருக்கும் தெரியல. பேர்கூட கேக்கல நான். அன்னைல இருந்து ஒரே யோசனைதான், வேலை முடிஞ்சு கம்பூட்ஸைத் திருப்பிக் குடுத்திருப்பாங்களே, அவ்வளவு தூரம் ஊருக்கு எதைப் போட்டுட்டுப் போனாங்க?

இன்னொண்ணும் சொல்லணும். அந்த அக்காவோட கிளவுஸ் வலது கட்டை விரல் பக்கம் கிழிஞ்சு ரத்தம் வந்துட்டு இருந்துச்சு. எங்க தெருக் குப்பையில கிடந்த கண்ணாடி. அது எங்க வீட்டு டம்ளராவே இருந்திருக்கலாம். குப்பையை மூணா பிரிச்சுக் குடுக்கணும், நாப்கினைத் தனியா பொதிஞ்சு குடுக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே சொல்லியிருந்தாங்க. ஏழு வருஷமா நான் எல்லாத்தையும் ஒரே கறுப்புக் கவர்ல கட்டி வாசல்ல வச்சுட்டு ஆபீஸ் போயிட்டு இருந்தேன். உள்ள ஒருத்தர் கை விடுவாங்கன்னு ஒருநாள்கூட நினைக்கல. எங்க ஏரியா குப்பை போறது பெருங்குடிக்கு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள்ளயே இருக்கிற கிடங்கு அது, எங்க மழைத்தண்ணி போய் நிக்க வேண்டிய இடமும் அதே சதுப்பு நிலம்தான். இதெல்லாம் இங்க வீடு வாங்கும்போதே தெரியும். தெரிஞ்சும் அப்படித்தான் இருந்தேன்.

இப்ப மக்குறது, மக்காதது ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு, உடைஞ்ச கண்ணாடியைப் பழைய அட்டையில சுத்தி, மேல மார்க்கர்ல பெருசா 'கண்ணாடி'ன்னு எழுதி, வாசல்ல வைக்காம எங்க தெரு அக்கா கையில சொல்லிக் குடுக்குறேன். உயிரோட இருக்கிற வரைக்கும் இதை விட மாட்டேன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்.

இப்ப தூத்துக்குடி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு சொன்னப்ப அம்மா சாப்பிட்டுட்டு இருந்த தட்டை அப்படியே வச்சுட்டாங்க. "அந்தப் பொண்ணு ஊருடி"ன்னாங்க. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் வெள்ளத்துல மாட்டி நின்னதைக் காட்டினாங்க, வீட்டு மாடியில ஜனங்க நிக்கிறதைக் காட்டினாங்க, தலையில துண்டு கட்டின ஒவ்வொரு பொம்பளையையும் அம்மா கிட்டப் போய் பாக்குறாங்க. எங்க தெருவுல இருந்து நாளைக்கு ஒரு வண்டி கிளம்புது, அரிசி, போர்வை, பிளீச்சிங் பவுடர், தடிமனான கிளவுஸ் எல்லாம் ஏத்தியாச்சு. பொம்பளைங்க சைஸ்ல ரப்பர் செருப்பு முப்பது ஜோடி நான் வாங்கி வச்சிருக்கேன்.

அக்கா, உங்க வீட்ல தண்ணி வந்துச்சா? கை காயம் ஆறிடுச்சா? இதை யாராவது உங்களுக்குப் படிச்சுக் காட்டினா, எங்க வேளச்சேரி வாசப்படியை ஞாபகம் இருந்தா, ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. அம்மா கால்ல ஒரு கீறல்கூட இல்ல. உங்க செருப்பைத்தான் போட்டிருக்காங்க.