அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர்களுக்கு: 2001 போர்த் தீர்மானத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டு வாருங்கள்

மதிப்பிற்குரிய செனட், பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியில் வாக்களித்து, வரி கட்டும் ஒரு தமிழன் எழுதுகிறேன். 2001 செப்டம்பர் 14 அன்று உங்கள் சபைகள் நிறைவேற்றிய போர் அனுமதித் தீர்மானத்தின் வரலாறு உங்களுக்கே தெரியும்: செப்டம்பர் 11 தாக்குதலுக்குக் காரணமானவர்கள் மீது படையைப் பயன்படுத்த அதிபருக்கு அது அனுமதி தந்தது. அதன் முக்கிய வாசகம் மொத்தமே 60 சொல். இரு சபைகளிலும் சேர்த்து எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவர்தான். அதை மறுபடி விவாதித்து, அவரவர் பெயர் பதிவாகும்படி வாக்களியுங்கள். இதுதான் என் கோரிக்கை.

2021 ஆகஸ்ட் 29, காபூல். விமான நிலையக் குண்டுவெடிப்பில் நம் வீரர்கள் 13 பேர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலாவை ட்ரோன்கள் சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. அதில் ஏற்றப்பட்டவை வெடிபொருள் என்று நம் ராணுவம் முடிவு செய்தது. உண்மையில் தண்ணீர் கேன்கள். ஓட்டியவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர். கார் வீட்டு முற்றத்துக்கு வந்ததும் ஏவுகணை விழுந்தது. இறந்த 10 பேரில் 7 பேர் குழந்தைகள். முதலில் அது நியாயமான தாக்குதல் என்றார்கள். செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில், யார் மீதும் நடவடிக்கை இல்லை என்றார்கள். அந்தக் குழந்தைகள் எல்லாரும் உங்கள் தீர்மானத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். குறி வைக்கப்பட்டதாகச் சொன்ன ஐஎஸ் அமைப்பின் ஆப்கான் கிளையே 2015 இல்தான் உருவானது. அதற்கும் அந்த 60 சொற்கள் பொருந்தும் என்கிறார்கள்!

2017 இல் ஆப்பிரிக்க நாடான நைஜரில் நம் வீரர்கள் 4 பேர் கொல்லப்பட்டபோது, அங்கே அத்தனை படை இருப்பதே தனக்குத் தெரியாது என்றார் செனட்டர் லிண்ட்சி கிரஹாம். சரி, உங்களுக்கே தெரியாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்? கட்டாய ராணுவச் சேவை 1973 இல் முடிந்தது. அப்புறம் போர் பெரும்பாலான வீடுகளின் வாசலுக்கு வருவதே இல்லை. ஈராக் மீது படையெடுத்து இரண்டு மாதத்தில் வரியைக்கூடக் குறைத்தீர்கள். செலவுக்குக் கடன் வாங்கினீர்கள். மகனும் போகவில்லை, காசும் போகவில்லை என்றால் யார் கேள்வி கேட்பார்கள்? விமான நிலையத்தில் சீருடையைக் கண்டால் 'சேவைக்கு நன்றி' என்று சொல்லிவிட்டு நகர்வதோடு நாட்டுப்பற்று முடிந்துவிடுகிறது. உங்களுக்கும் அது வசதிதான்: போர் நன்றாகப் போனால் ஆதரித்தோம் என்பீர்கள், மோசமானால் அதிபரின் முடிவு என்பீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். போரை அறிவிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டம் உங்களிடம்தான் கொடுத்திருக்கிறது. 2001 தீர்மானம் வேண்டும் என்று நினைத்தால் வேண்டும் என்றே வாக்களியுங்கள், அதையும் மதிப்பேன். வாக்களிக்காமல் மட்டும் இருக்காதீர்கள். என் தொகுதி உறுப்பினருக்கு இதே மடலைத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற அச்சடித்த பதில் வேண்டாம். வாக்கெடுப்பு எந்தத் தேதியில் என்று மட்டும் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளன்