குரங்கம்மை: முகத்தை மட்டும் பார்த்தால் போதாது

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. குரங்கம்மையைச் சின்னம்மையிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டிருந்தாய். குரங்கம்மையின் அறிகுறிகள் என்று நாம் படித்த படம் உனக்கு நினைவிருக்கும்: காய்ச்சல், தலைவலி, கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டு, ஓரிரு நாளில் முகத்தில் தொடங்கி உள்ளங்கை, உள்ளங்கால் வரை கொப்புளங்கள், ஓரிடத்தில் உள்ளவை எல்லாம் ஒரே பருவத்தில். சின்னம்மையில் நெறிகட்டு அவ்வளவாக இராது. நெஞ்சிலும் முதுகிலும்தான் அதிகம், புதியதும் காய்ந்ததும் கலந்தே கிடக்கும்.

2022-இல் உலகெங்கும் பரவியபோது இந்தப் படம் பலரிடம் பொய்த்தது. காய்ச்சலே இல்லாமல், பிறப்புறுப்பிலோ ஆசனவாயைச் சுற்றியோ வாயிலோ ஒன்றிரண்டு புண்களோடு வந்தார்கள். சிலருக்கு மலம் கழிக்கும்போது உயிர் போகும் வலி, வெளியே ஒன்றும் தெரியாது. ஹெர்பிஸ், சிபிலிஸ் போன்ற பால்வினை நோய் என்று எழுதி அனுப்பிவிடுவது இங்கேதான். அவையும் கூடவே இருக்கலாம் என்பதால் எச்ஐவி, சிபிலிஸ் சோதனைகளை விடாதே. உடையை விலக்கிப் பார்க்காத பரிசோதனை இந்நோயில் பாதிப் பரிசோதனைதான்.

கொப்புளத்தை, கையுறையோடுதான், தொட்டுப் பார். தோலுக்குள் பட்டாணி புதைந்தாற்போல் கெட்டியாக இருக்கும். நடுவில் தொப்புள்போல ஒரு குழி. பொருக்குத் தட்டும்வரை வலி, பிறகு அரிப்பு.

வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு இரத்தம் மட்டும் அனுப்பாதே. வைரஸ் இரத்தத்தில் கொஞ்ச நாளே இருக்கும், 'இல்லை' என்று வந்து ஏமாற்றும். இரண்டு வேறு இடத்துப் புண்களில் பஞ்சுக்குச்சியை அழுத்தித் தேய்த்து எடு. கொப்புளத்தைக் குத்தி உடைக்க வேண்டியதில்லை. ஊசி உன் விரலில் ஏறினால் அதுவே தொற்று.

பரவுவது பெரும்பாலும் தோலோடு தோல் உரசும் நெருக்கத்தில். உடலுறவு அதில் முதலிடம். நெடுநேரம் முகத்தோடு முகம் பேசினாலும், நோயாளியின் போர்வை, துண்டு வழியாகவும் தொற்றும். படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுக்கச் சொல். தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கவனி. தடுப்பூசி கிடைத்தால் தொடர்பு ஏற்பட்ட நான்கு நாளுக்குள் போடுவது நல்லது.

எத்தனை நாள் தனிமை என்று கேட்டாயே, நாள் கணக்கு வேண்டாம். கடைசிப் பொருக்கும் உதிர்ந்து, அடியில் புதுத்தோல் மூடியிருக்க வேண்டும். வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரம். புண் இருக்கும் இடத்தில் சவரம் கூடாது, வைரஸ் பக்கத்துத் தோலுக்குப் போகும். கண்ணைக் கசக்கவும் விடாதே. கண் சிவந்தால் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பு.

அன்புடன்,
முத்து