நீலகிரிக் கலங்களை ஒருமுறை மலையேற விடுங்கள்: பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இம்மலைகளின் பழங்கால ஈமக் கற்குவைகளைத் தோண்டித் திரட்டிய பொருட்களில் ஒரு பகுதி உங்கள் இருப்பில் உள்ளதை நீங்கள் அறிவீர்கள். விலங்குருவம் தாங்கிய மூடிகள், அடுக்கடுக்காக உயர்ந்த மண்கலங்கள், வெண்கலக் கிண்ணங்கள், பொன்னணிகள் என்று அவற்றின் பட்டியலை நான் உங்களுக்கு ஒப்பிக்கத் தேவையில்லை. அவற்றைச் சில ஆண்டுகளுக்கு இரவலாக உதகைக்கு அனுப்புங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இதை எழுத வைத்தவர், கோத்தகிரிப் பக்கம் மண்பாண்டம் வனையும், நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர் மூதாட்டி ஒருவர். 1873இல் வெளிவந்த பிரீக்ஸின் நூலிலிருந்து நகலெடுத்த ஒரு படத்தை அண்மையில் அவரிடம் காட்டினேன். மூடியின் மேல் ஓர் எருமை. எந்தக் காலத்தது, யார் எடுத்தது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "கவுத்துக் காட்டுங்க" என்றார். எருமையைத் தனியே பிடித்து ஈரம் காயுமுன் ஒட்டினார்களா, மூடியின் மண்ணிலிருந்தே இழுத்து எழுப்பினார்களா, சூளையில் வெடிக்காமலிருக்க வயிற்றைக் குடைந்துவிட்டார்களா என்பதெல்லாம் உட்புறத்தில் பெருவிரல் அழுந்திய தடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். தாளை எப்படிக் கவிழ்ப்பது? பார்த்த மாத்திரத்தில் அந்த மூடியைப் படிக்கக்கூடியவர் இங்கே இருக்க, மூடி லண்டனில் இருக்கிறது; விசாவும் விமானச் சீட்டும் எடுத்து அங்கே வருவது அவரால் ஆகிற காரியமல்ல.

இருப்பிலுள்ளவற்றைக் கைவிட 1963ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம் பெரும்பாலும் இடந்தராது என்பீர்கள். அதே சட்டம் இரவல் தர இடந்தருகிறது. 1874ஆம் ஆண்டுப் போரில் பிரிட்டிஷ் படையிடம் கொள்ளைபோனவை உள்ளிட்ட, மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தே அரச அணிகலன்களை, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 2024இல் நீங்கள் கானாவின் குமாசி நகருக்கு இரவலாக அனுப்பினீர்கள். 'இந்தியாவும் உலகமும்' கண்காட்சிக்காக 2017இல் மும்பைக்கும் மறு ஆண்டு டெல்லிக்கும் உங்கள் பொருட்கள் வந்து திரும்பின. கடல் கடக்க முடிந்தவற்றுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறுவதா கடினம்?

இவற்றைச் செய்தவர்கள் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆகவே யாருக்கு அனுப்புவது என்றும் நீங்கள் கேட்கக்கூடும். உரியவர் யாரென்று தெரியாத பொருள் எடுத்துச் சென்றவருக்கே உரியது என்னும் நியாயம் எங்கள் ஊர்ச் சந்தையில்கூடச் செல்லாது. பாதுகாப்பைப் பற்றிய கவலையும் இருக்கலாம். சுமார் 2,000 பொருட்கள் திருடுபோயோ காணாமற்போயோ சேதமுற்றோ இருப்பது 2023இல் உங்கள் இல்லத்திலேயே வெளிப்பட்ட பிறகு, பூட்டு பற்றிய அறிவுரையை நாங்கள் சற்றுத் தயக்கத்தோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது. மலையின் ஈரக்காற்று ஆகாது என்றால், அந்த மண்கலங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இதே ஈரமண்ணில்தான் கிடந்தன.

குறையெல்லாம் உங்களிடமே என்று நான் சொல்ல வரவில்லை. பிரீக்ஸ் திரட்டியவற்றின் இன்னொரு பகுதி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கவும் எங்கள் பிள்ளைகள் இரவு முழுவதும் ரயிலில் போக வேண்டும். ஆண்டுதோறும் மலர்க் கண்காட்சிக்குப் பூக்களால் என்னென்னவோ கட்டி எழுப்புகிற எங்கள் அரசுக்கு, இந்த மலையின் பழம்பொருளுக்கென்று ஒழுங்கான ஒரு கூடம் அமைக்க மட்டும் மனம் வருவதில்லை. அந்த வழக்கை நாங்கள் இங்கேயே பேசிக்கொள்கிறோம். உங்களிடம் கேட்பது இரவல் ஒன்றுதான்.

எத்தகைய கண்ணாடிப் பேழை வேண்டும், எவ்வளவு ஈரப்பதம் தாங்கும், காப்பீடும் காவலும் எப்படி அமைய வேண்டும் என்னும் உங்கள் நிபந்தனைகளை அன்புகூர்ந்து எழுதி அனுப்புங்கள். அவற்றை மாவட்ட நிர்வாகத்திடமும் மாநில அருங்காட்சியகத் துறையிடமும் கொண்டுசேர்த்து, பதில் வரும்வரை தொடர்ந்து கேட்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர்