சிட்டுவ தூக்குறதுக்கு முன்னாடி இத படி

தம்பி,

நல்லாருக்கியா, பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு அப்பா சொன்னாங்க, ரொம்ப சந்தோஷம். போன்ல பேசுனா நேரம் பத்தாது, அதான் எழுதி அனுப்புறேன், ஹைதராபாத்லேர்ந்து கிளம்புறதுக்குள்ள முழுசா படிச்சிரு.

நம்ம காக்டீல் கிளி சிட்டு, நீ விட்டுட்டுப் போனப்ப இருந்த மாதிரி இல்லடா. நீ போன புதுசுல காலைலேர்ந்து கத்திக்கிட்டே கெடக்கும், பாவமேன்னு நானும் ஓடி ஓடிப் போய் பேசுவேன், கத்துனா அம்மா வருவான்னு அது கத்துக்கிச்சு. ஒருநாள் கூண்டுக்குள்ள கையவிட்டு தூக்கப் போனேன், கட்டவிரல் பக்கத்துல சதையப் புடிச்சு கடிச்சிருச்சு, வலி தாங்காம கைய உதறுனேன், அது தரைல விழுந்து பிரிட்ஜுக்கு பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறே எறங்கல. தப்பு அதுமேல இல்ல, கொண்டைய தலையோட ஒட்டப் படுக்க வச்சு உஸ்ஸுன்னு சீறிட்டுத்தான் இருந்துச்சு, நாந்தான் பாக்கல. காக்டீலுக்கு கொண்டைதான் பேச்சு. பாதி தூக்கியிருந்தா நிம்மதியா இருக்கு, நேரா குத்திட்டு நின்னா எதையோ பாத்து மெரண்டுருக்கு, படுத்துருந்தா கிட்ட போகாத.

அதுக்கப்பறம் கூண்டுக்குள்ள கைய விடுறதையே நிறுத்திட்டேன். தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு கதவ தெறந்துவச்சு தினைக்கதிர கைல புடிச்சுக்கிட்டு சும்மா உக்காருவேன், பத்து நிமிஷம், அதுக்கு மேல இல்ல. முதல்ல கதிரோட நுனிய மட்டும் எட்டிக் கொத்துச்சு, நாள் போகப் போக என் விரல் கிட்ட வந்துச்சு. அப்பறம் ஒரு விரல கால் மேல வயித்துகிட்ட மெதுவா ஒட்டி “ஏறு”ன்னு சொன்னேன், ஏறிருச்சு! மொத்தமே ஒரு 90 கிராம் இருக்குமா, அந்த நகம் சில்லுன்னு விரல சுத்திப் புடிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சுடா.

இப்பவும் சில நேரம் கடிக்கும், அப்ப கத்தாத, உதறாத, பேசாம கொண்டுபோய் கூண்டு மேல விட்டுட்டு நகந்துரு. தலை, கன்னம் மட்டும் சொறிஞ்சு விடு, முதுக தடவாத, ஜோடி சேர்ற நெனப்பு வந்து மூர்க்கமாயிரும். எச்சத்துக்கு நியூஸ்பேப்பர் விரிச்சிருக்கேன், 20 நிமிஷத்துக்கு ஒருக்கா அங்க கொண்டுபோய் “போ”ன்னு சொல்றேன், போனதும் ஒரு தினை. பாதி நாள் சரியா போகுது, சோபாவுல போனா தொடச்சுட்டு விட்டுருவேன், திட்டுனா அதுக்கு எதுக்குன்னே புரியாது.

வெளிய விடுறப்ப ஃபேன் ஓடவே கூடாது, சுவிட்ச் மேல பிளாஸ்திரி ஒட்டிருக்கேன், பிரிச்சிராத. நான்ஸ்டிக் தவாவ தூக்கிப் போட்டுட்டேன், அடுப்புல அது அதிகமா காஞ்சா வர்ற புகை பறவைய கொன்னுரும். பொங்கலுக்கு சாம்பிராணி போடுறப்ப கூண்ட மாடி ரூமுக்கு மாத்தணும், அது உன் வேலை. ராத்திரி ஏழு மணிக்கு துணி போட்டு மூடிருவேன், ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும் எரியும், கும்மிருட்டுல மெரண்டா கூண்டுக்குள்ளயே அடிச்சுக்குது.

துணைக்கு பச்சக்கிளி வாங்கலாமான்னு கேட்டிருந்தியே, வேண்டாம்ப்பா. அது நம்ம காட்டுப் பறவை, 1972 வனவிலங்கு சட்டப்படி வீட்ல வளக்கவே கூடாது. தாத்தா வீட்ல கூண்டுல இருந்துச்சுங்கறது வேற காலம். சிட்டு ஜாதிக்கு ஆஸ்திரேலியாதான் பூர்வீகம், கூண்டுலயே பொறந்து வளந்தது, வெளிய விட்டா அதுக்கு பொழைக்கத் தெரியாது, நாமதான் பாத்துக்கணும்.

வந்ததும் ஆசைல நேரா கூண்டுகிட்ட ஓடாத. கை கழுவிட்டு ஹால்ல உக்காந்து நீ முன்னாடி அடிப்பியே அந்த விசில மெதுவா அடி. நீ போனதுலேர்ந்து தெனம் ஜன்னல் பக்கம் திரும்பி அதத்தான் அடிச்சுக்கிட்டு இருக்கு.

அம்மா