கோஹிமாவில் இறங்கியது ஷெர்மன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், 1944-இல் நாகாலாந்தின் கோஹிமாவில் ஜப்பானியருக்கும் பிரிட்டிஷ்-இந்தியப் படைக்கும் நடந்த போர் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் 'டென்னிஸ் மைதானத்தில் இறங்கிய டாங்கி' என்று போட்டிருந்த படத்தில் நிற்பது ஷெர்மன் வகை டாங்கி. 1944 மே 13 அன்று அங்கே இறங்கியது லீ என்ற வேறு வகை. பழைய டாங்கிதானே, எதுவாக இருந்தால் என்ன என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இருபது ஆண்டுகளாக இரண்டாம் உலகப் போரின் சிறு மாதிரிகளைச் சேர்த்து, ஒட்டி, வண்ணம் பூசி, சாப்பாட்டு மேஜையில் பகடை உருட்டிப் போர் ஆடி வருகிறேன். என்னிடம் உள்ள ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/76 அளவு (நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு) லீ ஏறக்குறைய ஏழரை செ.மீ. நீளம். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் ஷெர்மனோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். லீயின் பெரிய 75 மி.மீ. பீரங்கி, உடலின் வலது விலாவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். மேலே முழுச் சுற்றும் திரும்பும் கூண்டில் (டரட்) இருப்பது சிறிய 37 மி.மீ. மட்டுமே. பெரிய பீரங்கியைக் கொஞ்சம்தான் அசைக்கலாம். அதற்கு மேல் குறி மாற வேண்டுமானால் டாங்கியே திரும்ப வேண்டும். "ஏன் தாத்தா வண்டியையே திருப்புறீங்க?" என்று பேத்தி கேட்டது இதைப் பார்த்துத்தான்.

டென்னிஸ் மைதானத்தின் நீளம் 23.77 மீட்டர். என் மேஜையில் அது 31 செ.மீ. பள்ளிக்கூட அடிஸ்கேலைவிட ஒரு விரல் அகலம் கூட. ஏப்ரல் மாத முற்றுகையில் அந்த அளவு இடத்தைத்தான் நடுவில் வைத்துக்கொண்டு இரு தரப்பும் கையெறி குண்டு வீசிக்கொண்டன. ஸ்கேலை வைத்துப் பார்த்த அன்று எனக்கு ஆட்டம் ஓடவில்லை. பகடையை எடுத்து வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைகளில் வரும் சிப்பாய்ப் பெட்டிகளில் ஜெர்மானியர், அமெரிக்கர், பிரிட்டிஷார் நிறைய. இந்தியர் கிடைப்பது அரிது. ஜப்பானியரின் முற்றுகையை உடைத்து உள்ளே வந்த 1/1 பஞ்சாப் (முதலாம் பஞ்சாப் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன்) என்ற இந்தியப் படைப்பிரிவுக்காக, பிரிட்டிஷ் சிப்பாயின் ஹெல்மெட்டை பிளேடால் சீவி, டிஷ்யூ பேப்பரை ஃபெவிகாலில் நனைத்துத் தலைப்பாகை சுற்றுகிறேன். ஒரு தலைக்குக் கால் மணி நேரம். உடுப்புக்குக் காக்கி கூடாது; காட்டுப் பச்சை. கோஹிமா கல்லறைத் தோட்டத்தில், தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. என் மேஜையில் இதுவரை நாற்பது பேர்தான் நிற்கிறார்கள்.

அந்த மைதானத்தின் கோடுகளை இன்றும் அந்தத் தோட்டத்தில் வெள்ளையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவு அக்கறையோடு காக்கப்படும் இடத்துக்குத் தவறான டாங்கியைப் போட்டிருக்கிறோம். அடுத்த ஞாயிறு லீயின் படத்தோடு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். வலது விலா தெரிகிற படமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
ஆவடி